தலையை எண்ணுமுன் புழுக்கையைப் பாருங்கள்

லெமூர்களை வளர்ப்போர், மீட்போர், காட்டுக்குத் திருப்பி அனுப்புவோர் ஆகியோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மடகாஸ்கர் சுற்றுச்சூழல் அமைச்சகம், அந்நாட்டின் லெமூர் மீட்பு மையங்கள், லெமூர்களை வைத்திருக்கும் பிற நாட்டு விலங்குக்காட்சி சாலைகளின் மருத்துவர்கள், உணவுப் பொறுப்பாளர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2024 மே மாதம் தாய்லாந்தின் சும்போன் மாகாணத்தில் கடத்தல்காரர்களிடமிருந்து 48 லெமூர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகளும் பிடிபட்டன. பிழைத்திருந்தவை அந்த ஆண்டின் இறுதியில் தவணை தவணையாக விமானமேறி மடகாஸ்கருக்குத் திரும்பின. நல்ல காரியம். ஆனால் இப்படிப்பட்ட பயணங்களில் விலங்கோடு போகும் காகிதங்களைப் பாருங்கள். இனம் என்ன, எத்தனை தலை, எங்கிருந்து எங்கே என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசி மூன்று மாதம் என்ன தின்றது, எந்த ஆண்டிபயாடிக் எத்தனை நாள் கொடுக்கப்பட்டது, புழுக்கை உருண்டையாக விழுகிறதா கூழாக விழுகிறதா என்று கேட்கும் கட்டத்தைக் காண்பது அரிது.

அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல். இடம் மாற்றும், நீண்ட சிகிச்சை கொடுக்கும், காட்டில் விடும் ஒவ்வொரு லெமூரோடும் ஒரே தாளில் ஒரு குடல் பதிவேடு போகவேண்டும். அதில் என்ன எழுதவேண்டும், ஏன் எழுதவேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

2020-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட சிவப்புப் பட்டியலின்படி 107 லெமூர் இனங்களில் 103 ஆபத்தில் இருக்கின்றன; 33 இனங்கள் அழிவின் விளிம்பில். நம் ஊர்ப் பக்கம் லெமூர் என்றதும் பலருக்கு லெமூரியாவும் குமரிக்கண்டமும்தான் நினைவுக்கு வரும். பிலிப் ஸ்கிளேட்டர் 1864-ல் அந்தப் பெயரை வைத்ததே இந்த விலங்கினத்தின் பரவலை விளக்கத்தான். கண்டம் பொய்த்துப் போயிற்று. விலங்கு இன்னும் இருக்கிறது. நம் தேவாங்குக்கு அது தூரத்து உறவும்கூட. தமிழ் படிக்கும் கால்நடை மருத்துவர்களும் விலங்குப் பராமரிப்பாளர்களும் பல நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் கையிலும் இது போய்ச் சேரட்டும் என்றே தமிழில் எழுதுகிறோம்.

முதலில் குடலின் அமைப்பு. லெமூர் மாடுபோல அசைபோடும் விலங்கில்லை. இரைப்பையைத் தாண்டி, குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும்தான் நொதித்தல் நடக்கிறது. அந்த வகையில் முயலுக்கும் குதிரைக்கும் கிட்ட. இதிலும் இனத்துக்கு இனம் பெரிய வேறுபாடு. பழம் தின்னும் ரஃப்டு லெமூருக்குக் குடல் எளிமையானது. தின்றது சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். இலை தின்னும் சிஃபாகாவுக்குக் குருட்டுக்குடல் பெரியது, பெருங்குடல் நீண்டு சுருண்டது; இலை உள்ளே ஒரு நாளுக்கு மேல் தங்கும். வளையவால் லெமூர் இரண்டுக்கும் நடுவில், கிடைத்ததைத் தின்று சமாளிக்கும். மூன்றையும் 'லெமூர்' என்று ஒரே பலகையில் எழுதி ஒரே கிண்ணத்தில் பழத்துண்டு வைக்கும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிஃபாகாவால் இலையின் நாரைத் தானாகச் செரிக்க முடியாது. பாக்டீரியாக்கள் அதை உடைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முதல் எரிபொருள். நார் குறைந்தால் இந்த பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும். அந்த இடத்தில் மாவும் சர்க்கரையும் வந்தால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் கூட்டம் பெருகும், குடலின் அமிலத்தன்மை ஏறும், சுவர் புண்படும், புழுக்கை கூழாகும். பராமரிப்பாளர் கண்ணுக்கு முதலில் படுவது அந்தக் கூழ்தான். ஆனால் அது படும்போது உள்ளே வேலை கெட்டு நாளாகியிருக்கும்.

இலை விஷயத்தில் டியூக் லெமூர் மையத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவின் வட கரோலைனாவில், டர்ஹாம் நகரில், 1966-ல் தொடங்கியது. கோகரெல் சிஃபாகாவைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்க முடிந்த மிகச்சில இடங்களில் அது முதன்மையானது. மடகாஸ்கர் மரங்கள் அங்கே கிடையாது. உள்ளூர்ச் சுமாக், ரெட்பட், மிமோசா, ஸ்வீட்கம், டியூலிப் மரங்களின் தழையை ஒடித்துப் போடுகிறார்கள். பனிக்காலத்துக்காகக் கோடையிலேயே சுமாக் இலையை உருவி உறையவைத்துச் சேமிக்கிறார்கள். அங்கே 2018-ல் வெளியான ஆய்வு தழை உணவுக்கும் குடல் நுண்ணுயிர்ச் சமுதாயத்துக்கும், அது உண்டாக்கும் வேதிப்பொருள்களுக்கும் உள்ள தொடர்பை நேராகக் காட்டியது. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: சொந்த நாட்டு மரம் இல்லை என்பது தழை போடாமலிருக்கக் காரணமாகாது, ஆனால் ஒரே மரத்தின் தழையை வருடம் முழுக்கப் போட்டால் போதாது.

எவ்வளவு போடுவது? தோராயக் கணக்கு ஒன்று தருகிறோம். நான்கு கிலோ எடையுள்ள சிஃபாகா நாளொன்றுக்கு உடல் எடையில் மூன்று விழுக்காடு உலர்பொருள் தின்னும் என்று வைத்தால் 120 கிராம். அதில் பாதியாவது தழையிலிருந்து வரவேண்டும்: 60 கிராம் உலர்பொருள். பச்சை இலையில் 70 விழுக்காடு தண்ணீர், ஆகவே 200 கிராம் இலை. கொம்பு, காம்பு, பிடிக்காமல் கீழே போடுவது எல்லாம் சேர்த்தால் கட்டுக்கு 400 முதல் 500 கிராம் நிறுத்துப் போடவேண்டும். மறுநாள் காலை மிச்சக் கொம்புகளையும் நிறுத்துக் கழித்தால்தான் உண்மையில் தின்றது தெரியும். போட்ட எடையைத் 'தின்ற எடை' என்று பதிவேட்டில் எழுதுவது மிகப் பரவலான தவறு.

நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று வகை மரம். ஒரு வகையை நிறுத்தி மற்றொன்றைத் தொடங்கும்போது பத்து முதல் பதினான்கு நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டவேண்டும். நுண்ணுயிர்க் கூட்டம் புதிய இலையின் துவர்ப்புப் பொருளான டானினுக்கும் பிற வேதிப்பொருள்களுக்கும் பழகுவதற்கான அவகாசம் அது. காலையில் ஒடித்து, அடிக்கொம்பைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி, நிழலில் வையுங்கள். சாலையோர மரமும் மருந்தடித்த தோட்டமும் வேண்டாம். உறையவைப்பதானால் இலையைப் பையில் மெலிதாகப் பரப்பி மைனஸ் 18 டிகிரியில் வைக்கவேண்டும். மூட்டையாகத் திணித்தால் நடுப்பகுதி உறைவதற்குள் சூடேறிப் புளித்துவிடும். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். கறுத்து, பிசுபிசுத்து, புளிப்பு வாடை வந்தால் குப்பைக்குத்தான்.

எந்தத் தழை ஆகாது என்பதிலும் கவனம் வேண்டும். அரளி எந்த விலங்குக்கும் ஆகாது. செர்ரி, பிளம் வகை மரங்களின் இலை வாடும்போது சயனைடு வெளிவரும். மடகாஸ்கரில் மரவள்ளி எங்கும் கிடைக்கும் என்பதால் மீட்பு மையங்களில் பச்சை மரவள்ளி இலையைப் போடும் ஆசை வரலாம். மனிதர்கள் அதை இடித்து வேகவைத்துத்தான் உண்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ரனோமஃபானாக் காட்டின் தங்க மூங்கில் லெமூர், தன் அளவுள்ள வேறொரு விலங்கைக் கொல்லும் சயனைடைப் போல ஏறத்தாழ 12 மடங்கைத் தினமும் மூங்கிலோடு தின்று வாழ்கிறது. அதைக் காட்டி மற்ற லெமூர்களுக்கும் தாங்கும் என்று சொல்வது ஆபத்து. 1987-ல்தான் அறிவியல் பெயர் பெற்ற அந்த விலங்கு அந்தச் சயனைடை எப்படிச் சமாளிக்கிறது என்பதே இன்னும் முழுதாக விளங்காத கணக்கு.

சூபாபுல் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த மடலின் சாரம் முழுக்க அதில் இருக்கிறது. நம் ஊரில் ஆட்டுக்குப் போடுகிற அதே சூபாபுல் மரம் மடகாஸ்கரின் தெற்கில் உள்ள பெரென்டி காப்புக்காட்டில் நடப்பட்டது. 1960-களிலிருந்து அலிசன் ஜாலி வளையவால் லெமூர்களை ஆராய்ந்த காடு அது. புரதம் நிறைந்த இலை, வறட்சியிலும் பச்சை. லெமூர்கள் விரும்பித் தின்றன. பிறகு அந்தக் கூட்டங்களில் முடி கொட்டியது. வாலின் வளையமே தெரியாத அளவுக்கு வழுக்கையான விலங்குகள், வழுக்கைத் தாயின் முதுகில் பிடித்துக்கொள்ள மயிரில்லாத குட்டிகள். சூபாபுல் இலையில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. முடி வளரும் செல்கள் பிரிவதை அது தடுக்கும். மரங்களை வெட்டிய பின் மயிர் திரும்பியது.

இதே இலையைத் தின்று ஆஸ்திரேலிய மாடுகளும் நோயுற்றன. ஹவாயிலிருந்த ஆடுகளோ எந்தக் கேடும் இல்லாமல் தின்றன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இந்த வேறுபாட்டைத் துருவியபோது, ஹவாய் ஆட்டின் இரைப்பையில் இருந்த ஒரு பாக்டீரியா மிமோசினிலிருந்து உண்டாகும் நச்சை உடைப்பது தெரிந்தது. 1980-களில் அந்த இரைப்பை நீரை ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்தார்கள். அவையும் சூபாபுலைத் தாங்கத் தொடங்கின. அவர் பெயராலேயே அந்த பாக்டீரியாவுக்குச் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சியி என்று 1992-ல் பெயர் வைத்தார்கள். அதே மரம், அதே இலை. ஒரு விலங்குக்கு உணவாக இருந்ததும் இன்னொன்றுக்கு நஞ்சாக இருந்ததும் குடலில் குடியிருந்த ஒரு நுண்ணுயிரால். லெமூருக்குப் புதிதாக ஒரு தழையை அறிமுகப்படுத்தும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பச்சையாக இருக்கிறது, புரதம் இருக்கிறது என்பது போதாது.

பழத்துக்கு வருவோம். கடையில் விற்கும் வாழையும் திராட்சையும் மனிதன் நாவுக்காகத் தேர்ந்து வளர்த்தவை: சர்க்கரை அதிகம், நார் குறைவு. காட்டுப் பழம் அப்படியில்லை. பெரும்பாலும் தோலும் கொட்டையும் துவர்ப்பும்தான். இங்கிலாந்தின் பேய்ண்டன் விலங்குக்காட்சி சாலை 2014-ல் தன் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தியபோது செய்தித்தாள்கள் வேடிக்கையாக எழுதின. செய்தது சரியான காரியம். வளர்ப்பு லெமூர்களில் உடல் பருமனும் நீரிழிவும் பழைய பிரச்சினை. காய்கறி, தழை, நார் கூடிய உருண்டைத் தீவனம் ஆகியவற்றுக்கு மாறுங்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2003-ஆம் ஆண்டு வழிகாட்டி குரங்கினங்களுக்கு உலர் எடையில் 10 முதல் 30 விழுக்காடு நார் (தாவரச் செல்சுவரின் நாரை அளக்கும் என்.டி.எஃப். அளவில்) என்கிறது. சிஃபாகாவுக்கு அந்த வரம்பின் மேல்முனையை ஒட்டியே திட்டமிடுங்கள். மருந்தை ஒளித்துக் கொடுக்க ஒரு விரல்நுனி வாழைப்பழம் தப்பில்லை. அதையே அன்பளிப்பாக நாளுக்கு நான்கு முறை கொடுப்பதுதான் தப்பு.

இரும்புச் சேர்க்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ப்பு லெமூர்களின் கல்லீரலில் இரும்பு படிவதை 1989-ல் சான் டியேகோவிலிருந்து வந்த ஆய்வு மூன்று காரணங்களோடு இணைத்தது: தீவனத்தில் இரும்பு அதிகம், வைட்டமின் சி அதிகம், டானின் குறைவு. பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லா இனத்திலும் எல்லாக் கூட்டத்திலும் இது ஒரே அளவில் இல்லை என்று காட்டின. ஆனாலும் முன்னெச்சரிக்கை எளிது. இரும்பு சேர்த்த உருண்டைத் தீவனத்தோடு ஆரஞ்சு, கொய்யா கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடுங்கள். டானின் உள்ள தழையும் புளியும் கொடுங்கள். வளையவால் லெமூருக்குப் புளி அந்நியமானதில்லை. தெற்கு மடகாஸ்கரின் ஆற்றோரக் காடுகளில் 'கிலி' என்றழைக்கப்படும் புளியமரம்தான் அதன் பிழைப்பு. காய், பழம், கொழுந்து எல்லாம் தின்னும். நம் சமையலறையில் இருக்கும் கொட்டை எடுத்த உப்புப் புளி வேண்டாம். ஓட்டோடு இருக்கும் உப்பிடாத புளியும், கொழுந்தும் தான் வேண்டும்.

இனி ஆண்டிபயாடிக். பின்குடலில் நொதிக்கும் விலங்குகளுக்கு வாய்வழியாகக் கிளிண்டமைசின், லின்கோமைசின், சில பெனிசிலின்கள் கொடுத்தால் கிளாஸ்டிரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி விலங்கே செத்துப்போகலாம் என்பது முயல் வைத்தியம் பார்த்த யாருக்கும் தெரியும். லெமூர் அந்த அளவுக்கு மென்மையானதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதே எச்சரிக்கையோடுதான் அணுகவேண்டும். ஊசியாகப் போட்டாலும் பித்தநீர் வழியாகக் குடலுக்கு வரும் மருந்துகள் உண்டு. 'ஊசிதானே' என்ற ஆறுதல் வேண்டாம்.

டியூக் மையத்தின் வளையவால் லெமூர்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். அமாக்ஸிசிலின் கொடுத்ததும் குடல் சமுதாயம் சரிந்தது. பிறகு ஒரு பகுதி விலங்குகளுக்குப் புழுக்கைக் கரைசலை உள்ளே கொடுத்தார்கள். அவற்றில் பழைய அமைப்பு விரைவாகத் திரும்பியது. மருந்தை எதிர்க்கும் மரபணுக்களோ மருந்து நின்ற பிறகும் தங்கின. ஆகவே இரண்டு விதி. முதலாவது, கூழாக விழும் ஒவ்வொரு புழுக்கைக்கும் ஆண்டிபயாடிக் எழுதாதீர்கள். முதலில் தழையைக் கூட்டி, சர்க்கரையை நிறுத்தி, நுண்ணோக்கியில் பாருங்கள். சிஃபாகாக் குட்டிக்குக் கழிச்சல் என்றால் கிரிப்டோஸ்போரிடியம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அந்த ஒட்டுண்ணிக்குப் பாக்டீரியா மருந்து எதுவும் செய்யாது, இருக்கிற நல்ல கூட்டத்தையும் சேர்த்துக் கொல்லும். இரண்டாவது, ஆண்டிபயாடிக் தவிர்க்க முடியாததென்றால் முதல் வேளை மருந்துக்கு முன்பே அந்த விலங்கின் நல்ல புழுக்கையைச் சேமித்து வையுங்கள்.

சேமிக்கும் முறை கடினமில்லை. விழுந்த பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்கவேண்டும். இந்த நுண்ணுயிர்க் கூட்டத்தில் பெரும்பாலானவை ஆக்ஸிஜன் பட்டால் சாகும். மண் படாத உட்பகுதியாகப் பாருங்கள். ஒரு பங்கு புழுக்கைக்கு நான்கு பங்கு 0.9 விழுக்காடு உப்புநீர் சேர்த்து, மூடிய பையில் பிசைந்து, நுண்துணியில் வடிகட்டவேண்டும். கிளிசரால் பத்து விழுக்காடு இருக்கும்படி கலந்து, சிறு குப்பிகளில் ஊற்றி, மைனஸ் 80 டிகிரியில் உறையவையுங்கள். வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தால் சில வாரத்தில் பெரும்பகுதி செத்துவிடும். கிளிசரால் இல்லாமல் உறையவைத்தால் அதைவிட மோசம். மருந்து நின்று ஒன்றிரண்டு நாள் கழித்து, உடம்பிலிருந்து மருந்து இறங்கிய பிறகே கொடுக்கவேண்டும். மருந்து ஓடும்போதே கொடுப்பது விதைத்த கையோடு களைக்கொல்லி அடிப்பது மாதிரி.

தன் புழுக்கையே தனக்கு என்றால் பரிசோதனை குறைவாகப் போதும். வேறு விலங்கிலிருந்து எடுப்பதானால் அதே இனம், கடந்த ஆறு மாதம் ஆண்டிபயாடிக் இல்லாதது, தழை தின்பது. அதோடு கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா, என்டமீபா, சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், யெர்சினியா, குடற்புழு, மருந்தெதிர்ப்பு பாக்டீரியா ஆகியவற்றுக்குச் சோதனை. வளையவால் லெமூரின் புழுக்கையைச் சிஃபாகாவுக்குக் கொடுப்பதில் பயனில்லை. கொடுத்துவிட்டு மறுபடி பழக்கிண்ணம் வைத்தால் எந்தப் புழுக்கையும் பயன்தராது; வந்து இறங்கிய கூட்டத்துக்குத் தின்ன நார் வேண்டுமே.

குட்டிகள் விஷயத்தில் சிறு குறிப்பு. தாயின் பிறப்புப் பாதை, பால், நக்குதல், தாயின் வாயிலிருந்து ருசி பார்க்கும் இலை என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலில் நுண்ணுயிர்க் கூட்டம் சேர்கிறது. பால் மறக்கும் வயதில்தான் தாயின் சமுதாயத்தை ஒத்துவருகிறது. கைவளர்ப்பு தவிர்க்க முடியாவிட்டால், குட்டியைத் தாயின் வாசனையும் தழையும் புழுக்கையும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தனி அறை, தினம் ப்ளீச் என்பது மனிதக் குழந்தைகளின் வார்டுக்கு ஏற்ற முறை. கூண்டுத் தரையும் அப்படித்தான். இயற்கை மண்ணில் இருக்கும் வளையவால் லெமூர்களின் குடல் கூட்டம் அந்த மண்ணின் கூட்டத்தோடு ஒத்துப்போவதை அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. சிமெண்ட் தரையைக் கழுவிக் கழுவி வைப்பதில் இந்தப் பக்கத்தில் நட்டமும் உண்டு. கூண்டுக்குள் மண் கொட்டுமுன் பூனை வராமல் அடைக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வளையவால் லெமூரைப் பூனையின் டாக்ஸோபிளாஸ்மா சில நாளில் கொன்றுவிடும்.

மடகாஸ்கரில் வீட்டு வளர்ப்பு சட்டத்துக்குப் புறம்பானது. எனினும் 2010-க்கும் 2013-க்கும் இடையில் 28,000-க்கு மேற்பட்ட லெமூர்கள் அப்படி வைக்கப்பட்டிருந்ததாக வீட்டுக்கணக்கெடுப்புகளிலிருந்து மதிப்பிட்டார்கள். இவற்றுக்குக் கிடைப்பது சோறு, வாழைப்பழம், விருந்தினர் போடும் ரொட்டி. தென்மேற்கில் துலியாரா பக்கம் உள்ள மீட்பு மையத்துக்கு வந்து சேர்ந்த வளையவால் லெமூர்களை ஆராய்ந்தபோது, மனிதரோடு வாழ்ந்ததன் தடம் மருந்தெதிர்ப்பு மரபணுக்களாகக் குடலில் தெரிந்தது. மையத்தில் தன் இனத்தோடும் உள்ளூர்த் தழையோடும் இருந்த காலத்தில் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் காட்டு விலங்குகளின் பக்கம் நகர்ந்தது. நம்பிக்கை தரும் செய்தி இது. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: நேரம் கொடுக்கவேண்டும். சோறு தின்ற விலங்கைப் பிடித்த வாரமே முழுத் தழைக்கு மாற்றினால் அது பட்டினி கிடக்கும், வயிறு உப்பும். முதல் வாரம் பழைய உணவில் முக்கால் பங்கு, பிறகு வாரத்துக்குக் கால் பங்கு குறைத்து, மூன்று நான்கு வாரத்தில் சோற்றை நிறுத்துவது நாங்கள் பரிந்துரைக்கும் வேகம். எடை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் அந்த வாரப் படியிலேயே நின்றுகொள்ளுங்கள்.

விடுவிப்பில் கவனம் இன்னும் கூட வேண்டும். அமெரிக்காவில் பிறந்த 13 ரஃப்டு லெமூர்களை 1997 முதல் 2001 வரை கிழக்கு மடகாஸ்கரின் பெதம்போனா காப்புக்காட்டில் விட்டார்கள். சில காட்டு விலங்குகளோடு சேர்ந்து குட்டி போட்டன. சிலவற்றை ஃபோசா என்ற அந்த நாட்டு வேட்டை விலங்கு கொன்றது. கொடிய விலங்கைக் காணாத குறை, மரம் ஏறும் பழக்கமின்மை என்று அதன்பிறகு நிறையப் பேசப்பட்டது. இனி விடுவோர் உணவுப் பயிற்சியையும் அதே மூச்சில் பேசவேண்டும். விடப்போகும் காட்டின் மரங்களிலிருந்து தழையும் பழமும் பறித்துக் குறைந்தது இரண்டு மாதம், அந்தக் காட்டோரத்துக் கூண்டிலேயே வைத்துக் கொடுங்கள். இலை தின்னும் இனங்களில் குடல் கூட்டம் அந்தந்த வாழிடத்தைச் சார்ந்தே இருக்கிறது. ஒரே இனம் என்பதற்காக ஒரு காட்டின் சிஃபாகாவை இன்னொரு காட்டுக்குத் தூக்கிப்போவது குடலுக்குச் சிறிய மாற்றமில்லை. இந்திரியைப் பாருங்கள். 'பபகோட்டோ' என்று மக்கள் மதிக்கும் அந்தப் பெரிய லெமூரை எந்தக் கூண்டிலும் நெடுநாள் வாழவைக்க முடிந்ததில்லை. அதற்குக் காப்பு, அது நிற்கும் காடு மட்டுமே. மையம் கட்டும் பணத்தைக் கொண்டு அந்த மரங்களைக் காப்பதுதான் இந்திரிக்குச் செய்யும் குடல் வைத்தியம்.

மறுதிசையிலும் எச்சரிக்கை வேண்டும். வளர்ப்பு விலங்கின் குடலிலிருக்கும் மருந்தெதிர்ப்பு பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் காட்டு விலங்குகளுக்குப் போகக்கூடாது. அந்தச் சோதனையின் விடை வராமல் கூண்டைத் திறக்காதீர்கள்.

மாதிரி எடுப்பதைப் பற்றிச் சில நடைமுறைக் குறிப்புகள். ஒரு விலங்குக்கு இரண்டு கிராம் போதும். 95 விழுக்காடு எத்தனாலிலோ, ஆய்வகம் பரிந்துரைக்கும் பாதுகாப்புத் திரவத்திலோ போடலாம். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். பாதி மாதிரி எத்தனாலில், பாதி உறைநிலையில் என்றால் முடிவுகளை ஒப்பிட முடியாது. திரும்பத் திரும்ப உருக்கி உறையவைப்பதும் அதே கெடுதல். குப்பியின் மேல் பென்சிலால் எழுதுங்கள். எத்தனால் சிந்தினால் பேனா மை ஓடிவிடும், யாருடைய புழுக்கை என்றே தெரியாமல் போகும். விலங்கைத் தொடாமல் தரையில் எடுத்த புழுக்கையை அழிநிலை உயிரின வணிக உடன்படிக்கை, அதாவது சைட்டஸ், தன் வரம்புக்குள் சேர்ப்பதில்லை. ஆனால் மடகாஸ்கரின் ஆய்வு அனுமதியும் ஏற்றுமதி அனுமதியும் கட்டாயம் வேண்டும்.

இங்கே அமைச்சகத்துக்கும் நிதி தருவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். புழுக்கை எல்லாம் வடக்கே பறந்து, கட்டுரைகள் அங்கே அச்சாகி, முடிவு மடகாஸ்கரின் கூண்டுக்கு மூன்று வருடம் கழித்து வருவதில் விலங்குக்கு லாபமில்லை. கைக்குள் அடங்கும் மரபணு வாசிப்புக் கருவிகள் இப்போது காட்டோர முகாமிலேயே ஓடுகின்றன. தலைநகர் அந்தனனரிவோவிலும் துலியாராவிலும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, அதை ஓட்ட நிற்காத மின்சாரம், அதைப் பார்த்துக்கொள்ள நிரந்தரச் சம்பளத்தில் இரண்டு மலகாசி ஆய்வுப் பணியாளர்கள்: இதற்குப் பணம் வேண்டும். கருவியைக் கொடுத்துவிட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல் விடுகிற திட்டம் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

குடல் பதிவேட்டின் முன்பக்கத்தில் ஐந்து வரி போதும் என்று நினைக்கிறோம். இனமும் தனி அடையாளமும். கடைசி 90 நாளின் உணவு, தழை மரங்களின் பெயரோடு, தின்ற எடையோடு. கடைசி ஓராண்டின் ஆண்டிபயாடிக் மற்றும் குடற்புழு மருந்து, நாள் கணக்கோடு. வாரத்துக்கொரு முறை புழுக்கையின் நிலை, 1 உருண்டை, 2 மென்மை, 3 கூழ், 4 தண்ணீர் என்ற எண்ணில். சேமித்த குப்பி எங்கே எந்த உறைபெட்டியில் என்ற விவரம். பின்பக்கம் காலியாக இருக்கட்டும். பெற்றுக்கொள்ளும் மையம் முதல் முப்பது நாளின் எடையையும் புழுக்கை எண்ணையும் அதில் எழுதி, ஒரு படியை அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பவேண்டும். அனுப்பியவரிடம் அந்தப் படி வந்து சேராதவரை பயணம் முடிந்ததாகக் கணக்கெழுத வேண்டாம்.

இப்படிக்கு,
லெமூர் உணவு, குடல் நலம் குறித்துப் பணிபுரியும் சிலர்